வேப்பம் புண்ணாக்கு இருநூற்றுப் பன்னிரண்டு மூட்டை

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். சிஸ்டம் மேனேஜர் தமிழ்ச்செல்வி மேடம், கணக்கர் சேவியர் சார், கூட்டிப் பெருக்கும் லெட்சுமி அக்கா, எங்கள் முதலாளி, நான். முதலாளி ஐந்து நிமிடம்தான் இருந்தார். சேவியர் சார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினார். மணமேல்குடிக் கிளை மேனேஜர் பீர்முகமது பாய் போனில் இருந்தார். அவரை இருந்தவராகச் சேர்ப்பதா வேண்டாமா என்று என்னால் இன்றும் முடிவுக்கு வர முடியவில்லை. இவ்வளவு கறாராக எழுதுவதற்குக் காரணம், பிற்பாடு விசாரணை என்று வந்தபோது இரண்டு பேர் தாங்கள் அந்த அறைப் பக்கமே போகவில்லை என்று சொல்லிவிட்டதுதான். யார் என்று நான் சொல்லமாட்டேன். ஒருவர் தூங்கினார், இன்னொருவருக்கு ஐந்து நிமிடம்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம், நான் வேலை பார்த்த உரக்கடைக் கம்பெனியின் புதுக்கோட்டை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இப்போது அங்கே சிஸ்டம் பார்க்கிறவர் பேசினார். "ஐயா, கிளைகள்ல இருக்குற சர்வரை எல்லாம் கழட்டுறோம். இனிமே எல்லாம் கிளவுடுதான். பழைய இன்ஸ்டாலேஷன் ஃபைல் ஒண்ணு கெடக்கு. தொறந்து பாத்தா உள்ள ஒங்க பேரு இருக்கு, வேப்பம் புண்ணாக்கு இருக்கு. டேட்டாபேஸுக்கும் வேப்பம் புண்ணாக்குக்கும் என்னங்கய்யா சம்பந்தம்?"

போனில் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கு வியர்த்துவிட்டது. எழுதித் தருகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கணக்கில் சுழியம் வாங்கிய தாளை வீட்டில் காட்டப் பயந்து பள்ளிக்கூடத்துக்கே போகாமல் நின்றுவிட்டேன். பிறகு திருவரங்குளத்தில் கம்பெனியின் குடோனில் மூட்டை தூக்கும், எண்ணும் வேலை. லாரியில் ஏற்றுவதற்கு முன்பு ஒரு தடவை, ஏற்றும்போது ஒரு தடவை, ஏற்றிய பிறகு தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து ஒரு தடவை எண்ணுவேன். லாரி கிளம்பிய பிறகு பின்னாலேயே ஓடியதும் உண்டு. டிரைவர்கள் ஏசுவார்கள். ஆனால் கம்பெனிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது முதலாளி சொன்னார்: "அந்த மூணு தரம் எண்ணுறவன் கையில குடுங்க. அவன் எதையும் தொலைக்க மாட்டான்." என் கவலைதான் எனக்குக் கிடைத்த ஒரே சர்டிபிகேட். கம்ப்யூட்டரைச் சுமக்கிறவனாக உள்ளே போய், ஒயர் இழுத்து, எலி கடித்த ஒயரை மாற்றி, மெல்ல மெல்ல சாப்ட்வேர் போடுகிறவனாக ஆனேன். இங்கிலீஷ் சொற்களை நான் படித்ததை விட, முகம் பார்த்து அடையாளம் கண்டதுதான் அதிகம்.

கிளைக்கு ஒரு சர்வர் இருக்கும். அதற்குள் டேட்டாபேஸ். அந்தக் கடையின் பில், சரக்கு, யார் எவ்வளவு பாக்கி என்பது எல்லாம் அதற்குள்தான். அதை இன்ஸ்டால் செய்ய இரண்டு மணி நேரம் பிடிக்கும். சிடியைப் போட்டால் ஒரு ஜன்னல் வரும், 'நெக்ஸ்ட்' அமுக்க வேண்டும். இன்னொரு ஜன்னல், இன்னொரு நெக்ஸ்ட். ஒப்பந்தத்தை ஏற்கிறேன் என்ற கட்டத்தில் டிக். சர்வருக்கு ஒரு பெயர். பாஸ்வேர்டு இரண்டு தடவை. ஒவ்வொரு ஜன்னலையும் நான் ஒரு நோட்டில் படமாக வரைந்து வைத்திருந்தேன். திரையையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டும் ஒன்றுதான் என்று மூன்று தடவை உறுதி செய்த பிறகுதான் அமுக்குவேன். அதனால் மற்றவர்களுக்கு இரண்டு மணி நேரம் என்றால் எனக்கு நாலு. ஒரு தடவைகூடத் தப்பானதில்லை. அதை என் சம்பளத்தில் யாரும் கணக்கில் எடுத்ததில்லை.

பிறகு தமிழ்ச்செல்வி மேடம் வந்தார்.

மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னை விடப் பத்து வயது சின்னவர். இன்னொருவர் கீபோர்டைத் தொடவே மாட்டார். நம் பின்னால் வந்து இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார், கோயிலைச் சுற்றிப் பார்க்க வந்தவர் மாதிரி. திட்டவே தெரியாது. நாம் எதைச் சொன்னாலும் சொல்லி முடித்ததும், "அப்புறம்?" என்பார். அவ்வளவுதான். ஆனால் அந்த 'அப்புறம்' இருக்கிறதே, பயந்தவனுக்கு அதை விடக் கொடுமை கிடையாது. ஒரு தடவை, பொன்னமராவதிக் கிளையில் யுபிஎஸ் மாற்றிவிட்டேன் என்று சொன்னேன். "அப்புறம்?" என்றார். பழைய பேட்டரியைப் பஸ்ஸில் கொண்டுவந்ததைச் சொன்னேன். "அப்புறம்?" லக்கேஜ் டிக்கெட் எடுக்காததைச் சொன்னேன். "அப்புறம்?" ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மவுஸை உடைத்துவிட்டு எலி கடித்தது என்று சொன்னதையும் சொல்லிவிட்டேன்.

ஒரு சாகுபடிப் பருவம் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது புதுப் பில்லிங் வந்தது. அதற்குப் பதினோரு கிளையிலும் டேட்டாபேஸ் சர்வரை மாற்றியாக வேண்டும். கிளைக்கு நாலு மணி நேரம் என்று நான் விரலில் கூட்டிப் பார்ப்பதற்குள் முதலாளி எங்கள் அறைக்கு வந்துவிட்டார்.

"திருச்சி கம்பெனிக்காரன் ஒரே நாள்ல முடிச்சுத் தாரேங்குறான். நீங்க முடிப்பீங்களா?"

"முடிப்போம் சார்," என்றார் மேடம்.

முதலாளி என்னைப் பார்த்தார். "யோவ் சின்னையா, ஞாயித்துக்கிழமை போட்டுட்டு, திங்கக்கிழமை காலையில ஒம்பது மணிக்கு பதினோரு கடையிலயும் பில்லு விழுகணும். ஒரு கடையில விழுகலேன்னாலும் நான் திருச்சிக்குப் போன் போட்ருவேன். நீ பழையபடி குடோனுக்குப் போயிரு. அங்கயும் எண்ண ஆளு இல்லாமத்தான் கெடக்கு."

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. முதுகில் மூட்டைத் தழும்பு மறைந்து, மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி என்று பேர் சொல்ல இருந்தது. அந்த நாற்காலியில் வெளியூர் ஆள் உட்கார்ந்திருப்பதைப் போல எனக்குக் கண்ணில் தெரிந்தது. சாய்ந்து வேறு உட்கார்ந்திருந்தான்.

மேடம் சொன்ன வழி இது. ஜன்னலும் வேண்டாம், நெக்ஸ்ட்டும் வேண்டாம். அது கேட்கப்போகும் கேள்விகளுக்கெல்லாம் பதிலை முன்கூட்டியே ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிடுவது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரிக் கட்டளை. அந்த வரியின் கடைசியில் ஒரு சாய்கோடும் ஒரு க்யூவும் போட்டால், எதையும் கேட்காமல் வாயை மூடிக்கொண்டு வேலையை முடி என்று அர்த்தம். இங்கே புதுக்கோட்டையில் உட்கார்ந்து ஒரு தடவை எண்டரைத் தட்டினால் பதினோரு ஊரிலும் வேலை நடக்கும்.

"பதில் எல்லாம் ஒங்க நோட்டுலயே இருக்குண்ணே. நீங்கதான் எழுதணும்," என்றார் மேடம்.

நான் எழுதினேன். மூன்று நாள். நாலாம் நாள் ஓட்டிக் காட்டினேன். மேடம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எண்டரைத் தட்டியதும் திரையில், 'இன்ஸ்டால் செய்யப் போகிறேன். உறுதியா?' என்று வந்தது. ஆமாம் என்று தட்டினேன். 'நிஜமாகவே உறுதியா?' என்று வந்தது. தட்டினேன். 'கரண்ட் இருக்கிறதா?' என்று வந்தது. அப்படி நாற்பத்தொரு கேள்வி. பழைய முறையில் இருபத்தேழுதான்.

"சின்னையாண்ணே, கேள்வி கேக்காம இருக்குறதுக்குத்தானே இதச் செய்யுறோம்?"

"கேக்காமப் போயி ஏதாவது ஆயிருச்சுன்னா மேடம்?"

மேடம் ஒரு பென்சிலை எடுத்தார். நாற்பத்தொரு கேள்வியையும் அச்செடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார்: "இதுக்கு என்னைக்காவது யாராவது 'இல்லை'ன்னு பதில் சொல்லுவாங்களா?" சொல்லமாட்டார்கள் என்றால் பென்சிலால் ஒரு கோடு. 'கரண்ட் இருக்கிறதா' என்பதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கேள்வியை நானே அடித்துவிட்டேன். கடைசியில் மிஞ்சியது ஒன்றே ஒன்று: 'பழைய டேட்டாவின் நகல் வேறு ஓர் இடத்தில் இருக்கிறதா?' அதை மேடம் வட்டம் போட்டு, "இது நல்ல கேள்வி," என்றார். என் வாழ்க்கையில் பரீட்சைத் தாளில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல வட்டம்.

நாற்பது கேள்வியும் போன பிறகு எனக்கு உடம்பில் துணி இல்லாத மாதிரி இருந்தது. அதற்குப் பதிலாக ஒன்று செய்தேன். எல்லாம் முடிந்ததும், டேட்டாபேஸ் நிஜமாகவே எழுதுகிறதா என்று பார்க்க, கடைசியில் ஒரு சோதனைப் பில்லைத் தானாகப் போடும்படி வைத்தேன். இல்லாத பேரில் போட மனம் வரவில்லை. என் பேரில் போட்டேன்: பெ. சின்னையா, என் போன் நம்பர், வேப்பம் புண்ணாக்கு ஒரு மூட்டை, கடன். வேப்பம் புண்ணாக்கு ஏனென்றால், எங்கள் கடைகளில் அதை யாரும் வாங்குவதில்லை. வேறு பில்லோடு கலக்காது. பில் போட்டதும் அதுவே எண்ணிப் பார்க்கும். சின்னையா பேரில் புண்ணாக்குப் பில் ஒன்று இருந்தால் சரி. சுழியம் என்றால் பதியவில்லை. இரண்டு என்றால் ஏதோ கோளாறு. ஒன்று இல்லாமல் வேறு எது வந்தாலும், மறுபடி பில் போட்டு மறுபடி எண்ணு.

மேடம் படித்துப் பார்த்தார். "மறுபடி, மறுபடின்னா எத்தனை தடவைண்ணே?"

"சரியாகுற வரைக்கும் மேடம்."

"பத்துன்னு வைங்க. பத்துக்கு மேல போனா நின்னுடட்டும்."

பத்து என்று வைத்தேன். பிறகு, பதினோராவது தடவையில் சரியாகிற மாதிரி இருந்து பத்தோடு நின்றுவிட்டால் என்ன செய்வது என்று ஒரு எண்ணம் வந்தது. அந்த எண்ணம் போகவே இல்லை. பத்தை எடுத்துவிட்டேன். மேடத்திடம் சொல்லவில்லை. அவர் 'அப்புறம்?' என்று கேட்காத ஒரே வாரம் அதுதான்.

அந்த வாரம் முழுக்க நான் பஸ்ஸில்தான் இருந்தேன். இன்ஸ்டால் செய்ய வேண்டிய ஃபைல் பெரிது, லைனில் அனுப்ப முடியாது. பென்டிரைவைச் சோற்று டப்பாவின் மேல்தட்டில் வைத்து, கீழ்த்தட்டில் புளிச்சோறு கட்டி, பதினோரு ஊருக்கும் போய் சர்வரில் ஏற்றிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு முதலாளி சர்ச்சில் பூசைக்குப் போகிற வழியில் அறைக்கு வந்தார். ஆவூர்ப் பக்கத்துக் குடும்பம்; பூசை முடியாமல் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். திரையைப் பார்த்து ஒரு சிலுவை போட்டார். சர்வருக்குப் போட்டாரா எனக்குப் போட்டாரா தெரியவில்லை. நான் என் பங்குக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த விபூதியை மானிட்டரில் பூசினேன். சேவியர் சார் பழைய பாக்கிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மேடம் பின்னால் நின்றார். எண்டரைத் தட்டினேன்.

வேலை சரியாக முடிந்தால் திரையில் சுழியம் வரும் என்று மேடம் சொல்லியிருந்தார். சுழியத்துக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டவன் சுழியம் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆலங்குடி, சுழியம். அறந்தாங்கி, சுழியம். பொன்னமராவதிக்கு வந்தது 3010.

"மேடம்! மூவாயிரத்துப் பத்து தப்பு!"

"தப்பு இல்லண்ணே. வேலை முடிஞ்சிருச்சு, ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணணும்னு அர்த்தம்."

"அத ஒண்ணுன்னு சொல்லக் கூடாதா மேடம்? மூவாயிரத்துப் பத்துன்னு சொல்லியா சொல்லணும்?"

பத்தரை மணிக்குப் பத்து ஊர் முடிந்தது. மணமேல்குடி மட்டும், 'சரிபார்க்கிறது... மறுபடி' என்று காட்டிக்கொண்டிருந்தது. மேடத்துக்கு ஆலங்குடியில் ஒரு வளைகாப்பு. "அங்க லைன் ஸ்லோவா இருக்கும். பத்து தடவை பாத்துட்டு அதுவே நின்னுடும். ஏதாவதுன்னா போன் பண்ணுங்க," என்று கிளம்பினார். நான் தலையாட்டினேன். அதுவே நிற்காது என்பது உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

பதினொன்றுக்குப் பீர்முகமது பாய் போன் செய்தார்.

"சின்னையா, இங்க பிரிண்டரு பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கு..."

"அது டெஸ்டு பில்லு பாய். ஒண்ணு வரும். எதையும் தொட்டுறாதீங்க."

"ஒண்ணு இல்லீங்க, அது வந்து..."

"பாய், நீங்க தொட்டீங்கன்னா ஒங்க கிளைப் பாக்கி அம்புட்டும் அழிஞ்சு போயிரும்! போனை வைங்க!"

பன்னிரண்டு மணிக்கு மறுபடி. "சின்னையா, பேப்பரு தீந்து போச்சு."

"புதுக் கட்டைப் பிரிச்சுப் போடுங்க பாய். நிக்கக் கூடாது!"

"போடுறேன். ஆனா ஒண்ணு கேக்கணும்..."

"எல்லாம் திங்கக்கிழமை கேளுங்க!"

ஒரு மணிக்கு, "கரண்டு போச்சு. யுபிஎஸ் கத்துது."

பாதியில் நின்றால் டேட்டா போகும். டேட்டா போனால் நாளைக்குப் பில் விழாது. பில் விழாவிட்டால் குடோன். "பாய், ஒங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன், ஜெனரேட்டரைப் போடுங்க!"

"டீசல் இல்லையே."

"என் கணக்குல வாங்கி ஊத்துங்க!"

"ஒங்க கணக்குலயா? சரிங்க. அதுல ஏற்கெனவே நெறையத்தான் ஏறியிருக்கு," என்று வைத்துவிட்டார். அவர் என்ன சொல்கிறார் என்று யோசிக்கக்கூட எனக்குப் புத்தி வரவில்லை. அந்தக் கோளாறு நின்றுவிடாமல் இருக்க நான் டீசல் ஊற்றிக் காவல் காத்தேன்.

லெட்சுமி அக்கா விளக்குமாற்றோடு உள்ளே வந்தார். அவரை ஸ்விட்ச் பக்கம் வரவிடாமல் கையை விரித்து மறித்தேன்.

"அண்ணே, நானும் நாலு தடவை வந்துட்டேன். அந்தப் பொட்டி சொன்னதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கு. எங்க மாமியாளே இதுக்கிட்ட தோத்தா."

"அது வேலை பாக்குதுக்கா."

"வேலை பாத்தா குறையணும்ல? அது வரிவரியாக் கூடிக்கிட்டுல போகுது."

இரண்டு மணிக்கு மேடம் கை நிறைய வளையலும் ஒரு பை கலவைச் சோறுமாக வந்தார். திரையைப் பார்த்தார். சோற்றுப் பையை மெதுவாகக் கீழே வைத்தார். தன் போனை எடுத்து, எனக்கும் கேட்கிற மாதிரி வைத்து பாயைக் கூப்பிட்டார்.

"பாய், அங்க என்ன நடக்குது?"

"மேடம், நல்ல நேரத்துல பேசுனீங்க. நம்ம சின்னையாவுக்கு எங்கிட்டு மேடம் இம்புட்டுத் தோப்பு இருக்கு? காலையில இருந்து இருநூத்திச் சொச்சம் மூட்டை வேப்பம் புண்ணாக்கு வாங்கியிருக்காரு. அம்புட்டும் கடன். சொல்லலாம்னா போனை வையி, போனை வையிங்குறாரு."

மேடம் முதல் தடவையாக என் கீபோர்டைத் தொட்டார். இரண்டு விசை. திரை நின்றது. டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய பாக்கியெல்லாம் பத்திரமாக இருந்தது. கூடுதலாக இருந்தது நான்தான்.

நடந்தது இதுதான். மணமேல்குடிக் கிளையில் ஏற்கெனவே ஒரு சின்னையா இருந்தார். அந்த ஊர் விவசாயி. எந்தக் கடையிலும் யாரும் வாங்காத வேப்பம் புண்ணாக்கை அவர் ஒருத்தர் ஒரு மூட்டை கடனில் வாங்கியிருந்தார். எண்ணும்போது பேரை மட்டும்தான் பார்க்கும்படி நான் வைத்திருந்தேன்; என் சோதனைப் பில்லும் சேர்ந்ததும் எண்ணிக்கை இரண்டு. ஒன்று இல்லையே என்று மறுபடி பில் போட்டது. மூன்று. மறுபடி. நிமிடத்துக்கு ஒன்று. இனி உலகம் உள்ளவரை அது ஒன்று ஆகாது.

"நான் பத்துன்னு சொன்னேன்லண்ணே?"

"சொன்னீங்க மேடம். வச்சேன்."

"அப்புறம்?"

சொன்னேன். பதினோராவது தடவையைப் பற்றியும் சொன்னேன். மேடம் சிரிக்கவில்லை, ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

அந்த நேரத்தில் சேவியர் சார் கண்ணைத் திறந்தார். "எம்புட்டு?" என்று கேட்டார். மூட்டை ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய். இருநூற்றுப் பன்னிரண்டு மூட்டைக்கு இரண்டு லட்சத்து நாற்பத்தோராயிரத்து அறுநூற்று எண்பது. என் மாதச் சம்பளம் பதினாலாயிரம். "சின்னையா, பில்லு விழுந்தாச்சுன்னா விழுந்ததுதான். அழிக்கக் கூடாது. ஆடிட்டர் என்னைத் தூக்கிருவாரு," என்றார். பில்லுக்கு ஒன்றாகச் சரக்குத் திரும்பிய சீட்டு எழுத வேண்டுமாம். ஒவ்வொன்றிலும் வாங்கியவர் கையெழுத்து.

அதோடு முடியவில்லை. சரக்கு குறைந்தால் குடோனுக்குத் தானாக ஆர்டர் போகும். சாயங்காலம் திருவரங்குளம் குடோன்காரர் போன் செய்தார். "மணமேல்குடிப் பக்கம் தென்னையில என்ன பூச்சிய்யா எறங்கியிருக்கு? காலையில இருந்து புண்ணாக்கா கேட்டு ஆர்டரு கொட்டுது. இருநூறு மூட்டை ஏத்தி விட்டுட்டேன். லாரி இந்நேரம் அறந்தாங்கி தாண்டியிருக்கும்." என் பேரைச் சொல்லி, நான் எண்ணாமல் கிளம்பிய லாரி அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் பத்துக் கடையில் பில் விழுந்தது. பதினோராவதற்காக நான் மணமேல்குடிக்குப் போன் போட்டுக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் முதலாளி. பாய் மெதுவாகச் சொன்னார்: "விழுந்துருச்சு சின்னையா. இன்னைக்கு மொத பில்லு. ஒரு மூட்டை வேப்பம் புண்ணாக்கு." "கடனா?" என்று கேட்டேன். "பயப்படாதீங்க, இது ரொக்கம். வேற ஆளு. லாரி வந்து நின்னதப் பாத்துட்டு, பூச்சி வருதாமேன்னு கேட்டுக்கிட்டு வெளியில பத்துப் பேரு நிக்கிறாங்க."

பூச்சி இல்லை என்று பாய் எல்லோரிடமும் சொன்னார். சொல்லச் சொல்லக் கூட்டம் கூடியது. எட்டு நாளில் இருநூறு மூட்டையும் போய்விட்டது. வேப்பம் புண்ணாக்கு மண்ணுக்குக் கெடுதல் செய்யாது என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறுதல். முதலாளி திருச்சிக்குப் போன் போடவில்லை. "ரெண்டு வருஷமாக் குடோன்ல தூங்குன சரக்குய்யா," என்று மட்டும் சொன்னார். நாற்காலி தப்பித்தது.

மற்றப் பத்துக் கிளையிலும் கிளைக்கு ஒரு திரும்பிய சீட்டோடு முடிந்தது. மணமேல்குடியின் இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டிலும் 'சரக்கை நல்ல நிலையில் திருப்பித் தந்தேன்' என்று கையெழுத்துப் போட்டேன். திரையில் சின்னையா பேரில் இருந்த புண்ணாக்குப் பில்களை மேலிருந்து கீழாக, மூன்று தடவை எண்ணி, இருநூற்றுப் பன்னிரண்டை நேர் செய்தேன். ஆனால் பட்டியலில் இருந்தது இருநூற்றுப் பதின்மூன்று. மேலே இருந்த முதல் பில், தேதியில் பழையது, அந்த மணமேல்குடிச் சின்னையாவுடையது. அவர் பாக்கி நேராகிவிட்டது. கீழே கடைசியில் என்னுடையது ஒன்று நின்றுபோனது. வருடக் கணக்கு முடிக்கும்போது சேவியர் சார் கண்டுபிடித்தார்.

"அந்த ஆளுக்கு மறுபடி பாக்கி ஏத்திடுவோம். ஒரு கடுதாசி போட்டாப் போதும்," என்றார்.

நான் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று மணமேல்குடிக்குப் பஸ் ஏறினேன். அந்தச் சின்னையா தோப்பில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். உரக்கடையிலிருந்து வருகிறேன் என்றதும் கம்பியை விட்டுவிட்டு எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க வாங்க! தள்ளுபடி குடுத்த கம்பெனில்ல! எங்கூர்ல எவனும் நம்ப மாட்டேங்குறான்," என்று வீட்டுக்குள் போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். நான் கையெழுத்துப் போட்ட சீட்டின் நகல்தான். லேமினேட் செய்து வைத்திருந்தார். "மூட்டையப் பிரிச்சுத் தென்னைக்குப் போட்டு மக்கியே போச்சுங்க. அதப் போயி நல்ல நெலமையில திருப்பிக் குடுத்தேன்னு எழுதி, பாக்கி இல்லன்னு அனுப்பிருக்காங்க. இந்தக் காலத்துல எவன் செய்வான்? ஆமா, நீங்க யாரு?"

"நானும் சின்னையாதாங்க."

"அடேயப்பா! ஒங்களுக்கும் தள்ளுபடி ஆச்சா?"

"இன்னும் ஆகலைங்க."

"எழுதிப் போடுங்க. வரும். நல்ல கம்பெனிங்க அது."

இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். சேவியர் சாரிடம் வீடு கண்டுபிடிக்க முடியவில்லை என்றேன். மேடம் 'அப்புறம்?' என்று கேட்டபோது மட்டும் உண்மையைச் சொன்னேன். "சரிண்ணே," என்று தன் நாற்காலிக்குப் போய்விட்டார்.

என் பேரில் நின்ற அந்த ஒரு மூட்டைக்கு நானே கட்டிவிடலாம் என்று பணத்தோடு போனேன். சேவியர் சார் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். முதலாளி பார்த்துவிட்டார். "யோவ், அவன்கிட்ட காசு வாங்காதே. அவனாலதான் அம்புட்டுச் சரக்கும் வித்துச்சு. வாங்குனா எனக்குத்தான் வெக்கம்."

"சரிங்க முதலாளி. அப்ப தள்ளுபடின்னு எழுதிறவா?"

"தள்ளுபடியா? அந்த வார்த்தையவே எழுதாதே! மணமேல்குடியில எவனோ தள்ளுபடி வந்துச்சுன்னு காயிதத்தக் காட்டிக்கிட்டுத் திரியிறானாம். பாய் கடைக்கு முன்னாடி எங்களுக்கும் குடுன்னு ஏழெட்டுப் பேரு நிக்கிறான். ஒருத்தனுக்கு எழுதுனோம், பதினோரு கடையும் போச்சு."

வாங்கவும் கூடாது, விடவும் கூடாது. சேவியர் சார் ரசீதுப் புத்தகத்தை மூடினார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் பாக்கி நினைவூட்டும் கடிதம் எனக்கு வரும். அதை அச்சடித்து உறையில் போடும் வேலையும் என்னுடையதாகத்தான் இருந்தது. நான் ஓய்வு பெற்ற அன்று 'பாக்கி இல்லை' என்ற சான்றிதழில் சேவியர் சார், 'ஒரு மூட்டை நீங்கலாக' என்று கையால் எழுதிச் சேர்த்தார்.

போன மாதம் பேசியவரிடம் போனை வைக்கும் முன் ஒன்றே ஒன்று கேட்டேன்: பழைய டேட்டாவின் நகல் வேறு ஓர் இடத்தில் இருக்கிறதா? இருக்கிறதாம். எல்லாக் கணக்கும் ஒன்று விடாமல் மேலே ஏறிவிட்டதாம். எனக்குச் சந்தேகம் தீராமல், மணமேல்குடிக் கிளையில் என் போன் நம்பரைப் போட்டுப் பாருங்கள் என்றேன். தட்டிப் பார்த்துவிட்டுப் படித்துச் சொன்னார்: பெ. சின்னையா, வேப்பம் புண்ணாக்கு ஒரு மூட்டை, பாக்கி ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.